பாட்டி ஏறாத ரயில்



பள்ளி விடுமுறை வந்துவிட்டால் தோட்டத்து வீடுகளில் எழும் கேள்வி ஒன்றுதான்: "பிள்ளைகளை எங்கே கூட்டிப் போவது?" கையில் நாலு காசு மிஞ்சவும் வேண்டும், பிள்ளைகளின் முகம் மலரவும் வேண்டும். இரண்டுக்கும் பொருந்துகிற மாதிரி நாங்கள் ஒரு நாள் போய்வந்த ரயில் பயணத்தைப் பற்றிச் சொல்லத்தான் பேனாவை எடுத்தேன். எழுத உட்கார்ந்ததும் அந்தப் பயணம் எங்கள் வீட்டுப் பழைய கதை ஒன்றையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டது. இரண்டையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

நான் ரவாங் வட்டாரத்துத் தோட்டப் பள்ளி ஒன்றில் ஆசிரியை. அப்பா பால்மரம் வெட்டிய தோட்டத்திலேயே பிறந்து, அங்கேயே படித்து, பிறகு பயிற்சிக் கல்லூரிக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கி வந்தவள். எனக்கு நாற்பத்தாறு வயதாகிறது. என் கண் முன்னாலேயே ரப்பர் மரங்கள் சாய்ந்து செம்பனை வந்தது. அந்தச் செம்பனையிலும் பாதி போய் இப்போது வரிசை வரிசையாய்க் கல்வீடுகள். பள்ளிக்கூடம் மட்டும் பழைய தோட்டத்தின் பெயரைத் தாங்கிக்கொண்டு நிற்கிறது.

ஒரு நாள் நான்காம் ஆண்டு வகுப்பில் 'பயணம்' என்று கட்டுரைத் தலைப்பு கொடுத்தேன். "ரயிலில் போனவர்கள் கையைத் தூக்குங்கள்" என்றேன். இருபத்தொரு பிள்ளைகளில் ஆறு கைகள்தாம் எழுந்தன. ஒரு பையன் எழுந்து நின்று, "டீச்சர், ரயில் நம்ம ஊர்ல நிக்குமா?" என்று கேட்டான். தினமும் ரயில் சத்தத்தைக் கேட்டு வளர்கிற பிள்ளை! அது நமக்காகவும் நிற்கும் என்று யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. அந்தக் கேள்வி என்னை உறுத்தியது. என் சொந்தப் பிள்ளைகளின் கைகளும் அந்த ஆறில் சேர்ந்திருக்காது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அன்று மாலையே வீட்டில் சொன்னேன்: "இந்த விடுமுறையில் ஒரு நாள் கோலாலம்பூர் போகிறோம். காரில் அல்ல, ரயிலில்."

மகனுக்குப் பன்னிரண்டு வயது, மகளுக்கு ஒன்பது. இருவரும் குதித்தார்கள். வீட்டுக்காரர், "கார் நிறுத்த இடம் தேடுகிற தொல்லை இல்லை, நல்லதாப் போச்சு" என்றார். எங்களோடு இருக்கும் அப்பா மட்டும் பேசவில்லை. அவருக்கு எண்பத்து மூன்று வயது. கோப்பியை மெதுவாகக் குடித்து முடித்துவிட்டு, "நீங்க போயிட்டு வாங்கம்மா. நான் வீட்டைப் பார்த்துக்கறேன்" என்றார்.

அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பது எனக்குத் தெரியும். பிள்ளைகளுக்குத் தெரியாது. உங்களுக்கும் சொல்ல வேண்டும் அல்லவா?

1987-ஆம் ஆண்டு எனக்கு எட்டு வயது. அந்த ஆண்டு தீபாவளிக்கு முன் அப்பா எங்களைக் கோலாலம்பூருக்கு ரயிலில் கூட்டிப் போனார். அப்பா, அம்மா, அண்ணன், நான் என்று நாலு பேர். முதல் நாள் இரவே அம்மா புளிச்சோறு கிளறித் தூக்குச் சட்டியில் கட்டி வைத்தார். லயத்தில் எனக்குத் தெரிந்த எல்லா வீட்டுக்கும் ஓடிப்போய், "நாளைக்கு நான் கோலாலம்பூர் போறேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பாட்டி, அதாவது அப்பாவின் தாயார், கூட வர மறுத்துவிட்டார். ஆனால் விடியற்காலையில் எங்களுக்கு முன்னால் எழுந்து, குளித்து, நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு வைத்துக்கொண்டு, எங்களோடு ரவாங் ஸ்டேஷன் வரை வந்தார். ரயில் நிற்கும் மேடைக்கு வரவில்லை. வெளியே இருந்த பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

"ஏன் பாட்டி, டாட்டா காட்ட மாட்டீங்களா?" என்று கேட்டேன்.

"நான் வழியனுப்ப வரலடி. நீங்க திரும்பி வர்றதைப் பார்க்கத்தான் உட்கார்ந்திருக்கேன்" என்றார்.

அன்று நாங்கள் பார்க்காதது இல்லை. 1984-இல் கட்டி முடித்த டாயாபூமி கட்டடத்தைக் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தோம். தேசிய அருங்காட்சியகத்தைச் சுற்றினோம். ஏரிப் பூங்காவில் உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிட்டோம். எனக்கு ஒரு பாவாடை சட்டை, அண்ணனுக்கு ஒரு கால்சட்டை வாங்கிக்கொண்டு பொழுது சாயத் திரும்பினோம்.

ரவாங்கில் இறங்கி வெளியே வந்தால், காலையில் உட்கார்ந்த அதே பெஞ்சில் பாட்டி உட்கார்ந்திருக்கிறார்! அம்மா கொடுத்துவிட்டுப் போன சோற்றுப் பொட்டலம் பிரிக்கப்படாமல் பக்கத்தில் இருந்தது. எங்களைக் கண்டதும் எழுந்து வந்து, ஒவ்வொருவர் தலையாகத் தொட்டு, "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு" என்று எண்ணினார். எண்ணி முடித்த பிறகுதான் அவர் முகத்தில் சிரிப்பு வந்தது. "வாங்க, வீட்டுக்குப் போவோம்" என்றார்.

எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. அப்பா மட்டும் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். அதன் பிறகு அவர் ரயில் ஏறவே இல்லை. எங்கே போவதானாலும் பஸ்தான்.

வாசகர்களே, காரணத்தை நான் பெரியவளான பிறகுதான் தெரிந்துகொண்டேன். அது ஜப்பான்காரன் காலத்துக் கதை. உங்களில் பலர் வீட்டிலும் இருக்கக்கூடிய கதைதான்.

1942 முதல் 1943 வரை ஜப்பானியப் படை சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டது. மலையும் காடுமான அந்த இடத்தில் வேலை செய்ய ஆள் வேண்டும். போர்க் கைதிகள் போதாமல் மலாயாத் தோட்டங்களுக்கு வந்தார்கள். மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி சம்பளம், சாப்பாடும் உண்டு என்று ஆசை காட்டினார்கள். பிறகு ஆசை காட்டுவதையும் விட்டுவிட்டு ஆட்களைப் பிடித்துப் போனார்கள். மலாயாவிலிருந்து மட்டும் எழுபதாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் கொண்டுபோகப்பட்டார்கள். அவர்களில் பெரும்பகுதி தோட்டத்துத் தமிழர்கள். வாந்திபேதி, மலேரியா, சீதபேதி, புரையோடிய புண், பட்டினி என்று மடிந்தவர்கள் ஆயிரக்கணக்கில்.

அப்படிப் போனவர்களில் ஒருவர் என் தாத்தா. 1943-இல் அப்பாவுக்கு ஒரு வயது. பாட்டிக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ரவாங் ஸ்டேஷனுக்கு வந்து வழியனுப்பினாராம். ஆட்களைச் சாமான் வண்டியில் ஏற்றினார்களாம். "மூணு மாசம்தானே, வந்துடுவேன்" என்பதுதான் தாத்தாவின் கடைசி வார்த்தை. வண்டி வடக்கே போயிற்று. தாத்தா வரவில்லை. இறந்தார் என்ற சேதியும் வரவில்லை.

சேதி வராததால் பாட்டி தாலியைக் கழற்றவில்லை, பொட்டை அழிக்கவில்லை. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் நெற்றி நிறையக் குங்குமத்தோடு இருந்து, 1994-இல் அந்தப் பொட்டோடேயே கண்ணை மூடினார். கொம்யூட்டர் மின்ரயில் ஓடத் தொடங்கியது அடுத்த ஆண்டு, 1995-இல். பாட்டி அதைப் பார்க்கவே இல்லை.

இப்போது புரிந்திருக்கும், அப்பா ஏன் வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன் என்றார் என்று.

நான் வற்புறுத்தவில்லை. என் மகள்தான் விடவில்லை. "தாத்தா வந்தாத்தான் நானும் வருவேன். தாத்தா வராட்டி எனக்கு ரயிலும் வேணாம், ஒண்ணும் வேணாம்" என்று தூணைக் கட்டிக்கொண்டு நின்றாள். அப்பா அவளை வெகுநேரம் பார்த்தார். மறுநாள் காலை நான் எழுந்தபோது அவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, குடையும் கையுமாக வாசலில் தயாராக உட்கார்ந்திருந்தார்.

ரவாங் ஸ்டேஷன் இப்போது பழைய ஸ்டேஷன் இல்லை. பாட்டி உட்கார்ந்த பெஞ்சும் இல்லை. இரட்டைப் பாதையும் மின்கம்பியும் புதுக் கட்டடமுமாக மாறிவிட்டது. தண்டவாளம் மட்டும் அன்றுபோலவே வடக்கும் தெற்குமாகக் கிடக்கிறது. அப்பா மேடையில் நின்று வடக்குப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மகள் அவர் கையை இழுத்து, "தாத்தா, நம்ம ரயில் அந்தப் பக்கம் இல்ல, இந்தப் பக்கம்" என்றாள்.

அப்போதுதான் அவர் வாய் திறந்தார். "தெரியும்மா. என் அப்பா போன ரயில் அந்தப் பக்கம் போச்சு" என்று தொடங்கி, ரயில் வருவதற்குள் முழுவதையும் பிள்ளைகளுக்குச் சொன்னார். நான் அவரிடம் துண்டு துண்டாகக் கேட்டறிந்த கதையை அன்றுதான் கோவையாகக் கேட்டேன். கைப்பேசியை விட்டுக் கண்ணை எடுக்காத என் மகன் அதை மடக்கிப் பையில் போட்டுவிட்டு நின்றான்.

ரயில் வந்தது. ஏறினோம். அப்பா கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். குவாங், சுங்கை பூலோ, கெப்போங், செகாம்புட் என்று ஒவ்வொரு ஸ்டேஷன் பெயரையும் மகள் உரக்கப் படித்தாள். கெப்போங் தாண்டும்போது அப்பாவின் பிடி தளர்ந்திருந்தது. ஜன்னல் வழியே பார்த்து, "அப்ப இங்கெல்லாம் மரமாத்தான் இருந்துச்சு" என்று பேச ஆரம்பித்துவிட்டார்.

கே.எல். சென்ட்ரல் வரை போகாமல் அதற்கு முந்திய பழைய கோலாலம்பூர் ஸ்டேஷனில் இறங்கினோம். ஹப்பக் என்ற கட்டடக் கலைஞர் வரைந்து 1910-இல் எழுந்த அந்த வெள்ளை மாளிகையைப் பிள்ளைகள் வாய் பிளந்து பார்த்தார்கள். 2001-இல் கே.எல். சென்ட்ரல் திறக்கும்வரை தலைநகரின் தலைமை ஸ்டேஷன் இதுதான். 1987-இல் நான் வந்து இறங்கியதும் இங்கேதான். அண்ணன் தொலைந்துவிடாமலிருக்க அம்மா அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டே நடந்த மேடையை மகனுக்குக் காட்டினேன்.

அங்கிருந்து நடந்து மத்தியச் சந்தைப் பக்கம் வந்தோம். காய்கறியும் மீனும் விற்ற பழைய சந்தை அது. 1986-லிருந்து கைவினைப் பொருள் விற்கும் கலைக்கூடமாக இருக்கிறது. சற்றுத் தள்ளி துன் எச்.எஸ். லீ சாலையில் மகாமாரியம்மன் கோயில். 1873-இல் தம்புசாமிப் பிள்ளை குடும்பத்தார் தோற்றுவித்த கோயில். பத்துமலைத் தைப்பூசத்துக்கு வெள்ளி ரதம் புறப்படுவது இங்கிருந்துதான்.

கோயில் வாசலில் உட்கார்ந்து பிள்ளைகளுக்கு ஒன்று சொன்னேன். உங்கள் பிள்ளைகளுக்கும் நீங்கள் சொல்லலாம். இந்தத் தம்புசாமிப் பிள்ளையும் லோக் இயூ என்ற சீனச் செல்வரும் சேர்ந்து 1894-இல் தங்கள் ஈயச் சுரங்கத்தில் மின்சாரம் கொண்டுவந்தார்கள். மலாயாவில் முதன்முதலில் மின்சாரம் பயன்பட்ட இடம் அது. அந்தச் சுரங்கம் எங்கே இருந்தது தெரியுமா? ரவாங்கில்!

"நம்ம ரவாங்கா?" என்று மகன் நம்பாமல் கேட்டான்.

"நம்ம ரவாங்தான்" என்றேன். இவ்வளவு பெரிய பட்டணத்தைப் பார்த்துக் கூசிக்கொண்டு நடந்த பிள்ளையின் நடையே அதற்குப் பிறகு மாறிவிட்டது. ஆசிரியை என்ற முறையில் சொல்கிறேன்: வகுப்பறையில் நூறு முறை சொன்னாலும் ஏறாத பாடம், அந்த இடத்திலேயே நின்று சொன்னால் ஒரே முறையில் ஏறிவிடுகிறது.

அப்பாவுக்குக் கால் வலிக்குமே என்று மத்தியச் சந்தைக்கு எதிரிலிருந்து இலகு ரயிலில் ஒரே ஒரு நிறுத்தம் போய் கே.எல். சென்ட்ரலில் இறங்கி, பிரிக்பீல்ட்ஸில் வாழை இலைச் சாப்பாடு சாப்பிட்டோம். 1881-இல் கோலாலம்பூர் தீயிலும் வெள்ளத்திலும் அழிந்தபின் ஊரைக் கல்லால் கட்ட முடிவு செய்தார்கள். அதற்கு வேண்டிய செங்கற்களைச் சுட்ட சூளைகள் இருந்த இடம் என்பதால் வந்த பெயர் அது. பிறகு ரயில்வே வந்தது. தண்டவாளம் போட்ட கூலிகளும், கணக்கெழுதிய யாழ்ப்பாணத்துக் கிராணிமார்களும் குடியேறியதால் தமிழர் பேட்டையாயிற்று. 2010-இல் 'லிட்டில் இந்தியா' என்று அலங்கார வளைவு எழுப்பினார்கள். வளைவு வருவதற்கு நூறாண்டுக்கு முன்பே நம்மவர் வேர்வை அங்கே விழுந்துவிட்டது.

சாப்பிட்டுவிட்டு மல்லிகைப்பூக் கடை ஓரமாக நின்றபோது மகள் கேட்டாள்: "தாத்தா, உங்க அப்பாவுக்குச் சமாதி இருக்கா?"

அப்பா தலையை ஆட்டினார். போர்க் கைதிகளாக மாண்ட வெள்ளைக்காரர்களுக்குச் சயாமின் காஞ்சனாபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. நம் ஆட்கள் விழுந்த இடத்திலேயே புதைக்கப்பட்டார்கள், எரிக்கப்பட்டார்கள். எண்பது ஆண்டுகள் கழித்து, 2023-இல்தான் அதே காஞ்சனாபுரியில் மாண்ட தமிழர்களுக்காக ஒரு நடுகல் எழுந்தது. அதை அப்பாவிடம் சொன்னேன்.

"கல்லு வச்சிட்டாங்களா?" என்று இரண்டு முறை கேட்டார். பிறகு, "ஆத்தாவுக்குத் தெரியாமப் போச்சே" என்றார். என் வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லாமல் போய் இரண்டு முழம் மல்லிகை வாங்கி வந்து, "மாமா, வீட்டுல பாட்டி படத்துக்குப் போடுவோம்" என்று அவர் கையில் கொடுத்தார்.

பொழுது சாயும் நேரத்தில் ரவாங்கில் இறங்கினோம். வெளியே வந்ததும் அப்பா அங்கிருந்த ஓர் இரும்பு இருக்கையில் உட்கார்ந்தார். களைப்பு என்று நினைத்தேன். ஆனால் அவர் எங்களைக் கிட்ட வரச் சொன்னார். பேத்தி தலையில் கை வைத்து, "ஒண்ணு" என்றார். பேரன் தலையில், "ரெண்டு". என் தலையில், "மூணு". மருமகன் தோளைத் தொட்டு, "நாலு". பிறகு தன் நெஞ்சைத் தொட்டுக்கொண்டு, "அஞ்சு. எல்லாரும் வந்தாச்சு. வாங்க, வீட்டுக்குப் போவோம்" என்றார்.

வாசகர்களே, எங்கள் ஒரு நாள் பயணம் இவ்வளவுதான். ஐந்து பேருக்கும் சேர்ந்த ரயில் செலவு, சாப்பாட்டுச் செலவைவிடக் குறைவு. அறுபது வயது கடந்தவர்களுக்கு அரைக் கட்டணம். அடையாளக் கார்டை மறக்காமல் எடுத்துப் போங்கள். தண்ணீரும் குடையும் கையில் இருக்கட்டும். காலை வெயில் ஏறுமுன் கிளம்பினால் மாலை மழைக்குமுன் திரும்பிவிடலாம். ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்க்க ஆசைப்படாதீர்கள். மூன்று இடம் போதும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் அவர்களை விட்டுவிட்டுப் போகாதீர்கள். "நான் வரல" என்று அவர்கள் சொன்னால், கால் வலி என்று நாமாக முடிவு கட்டிவிடாமல், ஏன் என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். சயாமுக்குப் போனவர்களின் பிள்ளைகளுக்கு எண்பது வயதாகிவிட்டது. அவர்கள் சொல்ல, நம் பிள்ளைகள் கேட்க, இன்னும் அதிக நாள் இல்லை.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் அந்தப் பையனை அழைத்துச் சொன்னேன்: "ரயில் நம்ம ஊர்ல நிக்கும்டா. நான் ஏறிப் பார்த்துட்டுத்தான் வந்தேன்." அடுத்த விடுமுறையில் அவன் வகுப்பையே கூட்டிப் போவதாக ஏற்பாடு. வருகிற பெற்றோர்களிடம், வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால் அவர்களையும் அழைத்து வரச் சொல்லியிருக்கிறேன்.